இரண்டாவது அடுப்பு

கோணேசர் துணை

திருக்கடலூர்,
திருகோணமலை.
வைகாசி, கடைசி வியாழன்

அன்புள்ள மச்சாள் தர்மிகாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீங்களும் விடுதியில் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வந்தாறுமூலையில் வெயில் எப்படி? இங்கே சோளகக் காற்று தொடங்கிவிட்டது. கொடியில் போட்ட உடுப்பைப் பக்கத்து வளவில்தான் போய்ப் பொறுக்க வேண்டியிருக்கிறது.

போன் இருக்கும்போது இந்த மனுசன் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பீர்கள். போன் எடுத்தால் மாமி ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பார். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீங்கள் "ம்" என்று போடுவீர்கள். கடிதத்துக்கு உடனே ஒன்றும் போடத் தேவையில்லை. அந்த வசதிக்காகத்தான்.

மாமா கடல் தொழிலுக்குப் போய்வருகிறார். கதைதான் குறைந்துவிட்டது. மகள் யதுஷா கரையில் நிற்கிற வள்ளம் எல்லாம் அம்மப்பாவின் வள்ளம் என்று சொல்லி, ஏறி நின்று இறங்க மாட்டேன் என்கிறாள். மாமிக்கு முழங்கால் நோவு. ஆனாலும் விடியப்புறம் எழும்பி எங்கள் எல்லோருக்கும் சமைத்துவிட்டுத்தான் மற்ற வேலை.

என் படிப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். மொறட்டுவையில் முதுகலையின் கடைசிப் பகுதிக்கு எங்காவது ஒரு பயிற்சி எடுக்க வேண்டும் என்றார்கள். உட்துறைமுக வீதியில் ஒரு சின்ன ஆய்வு நிலையம் இருக்கிறது. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு எப்படி வீடு கொடுப்பது, யாருக்குக் கொடுப்பது, கொடுத்த வீட்டில் ஏன் ஆட்கள் குடியேறுவதில்லை என்பதெல்லாம் அவர்கள் ஆராய்கிற விசயம். யன்னலால் பார்த்தால் துறைமுகமும், தூரத்தில் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளும் தெரியும். ஒரு மேசை, ஒரு கதிரை தந்தார்கள். உங்கள் அக்கா நிருஜா கண்மூடிய பிறகு எனக்குத் தேவைப்பட்டதும் அவ்வளவுதான். எண்களோடு இருக்கும்போது ஒன்றும் தெரிவதில்லை. நோகவும் இல்லை, நோகாமலும் இல்லை. என் பொறுப்பாளர் பஹ்மியா மிஸ். கிண்ணியாக்காரர். காலையில் வந்ததும் "ரிஷி, இண்டைக்கு ஆள் உசிரோடயா வந்த, இல்லாட்டி கணக்கு மட்டுமா வந்த?" என்று கேட்பார். நான் கணக்கு மட்டும் என்பேன். "பரவால்ல, கணக்காவது பிழையில்லாம வந்திருக்கு" என்பார்.

இனி எழுதப்போவது உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எங்கள் பக்கத்து வழமைப்படி, நிருஜாவின் கல்யாணத்துக்கு மாமா தான் இருந்த கல்வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுத்தார். அவரும் மாமியும் உங்களைக் கூட்டிக்கொண்டு பின்வளவில் ஒரு தகரக் கொட்டிலுக்குப் போனார்கள். மூத்தவளுக்கு இருக்கிற வீடு, இளையவளுக்குக் கட்டப்போகிற வீடு. கட்டப்போகிற வீடு எழும்பவேயில்லை. கடல் அவ்வளவு தரவில்லை. நானும் தம்பலகாமத்து வயலை விட்டு மாப்பிள்ளையாக இந்த வீட்டுக்கு வந்தேன். கூட்டிக்கொண்டு வந்தவள் போய்விட்டாள். இப்போது அவள் வீட்டில் நான் யார் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

உங்களுக்கு வீடு இல்லை. எனக்கு மனுசி இல்லை. உங்கள் கனகரத்தினம் பெரியப்பா முப்பத்தொன்றாம் நாள் சடங்கு அன்றைக்கே இந்த இரண்டையும் கூட்டிப் பார்த்துவிட்டார். "வீடும் கிடக்குது, குமரும் கிடக்குது. பிள்ளைக்கும் சின்னம்மா. பிறகென்னத்துக்கு வெளியில தேடுவான்?" என்று சபையில் வைத்துச் சொன்னார். தலையாட்டியவர்கள் எல்லோரும் நல்ல மனுசர்கள்தான். நீங்கள் தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்றீர்கள். தட்டை வைத்தது தெரியாது, அன்று பின்னேரமே பஸ் ஏறிவிட்டீர்கள். சித்திரை வருசத்துக்கும் வரவில்லை. சோதனை என்று மாமிக்குச் சொன்னீர்கள். மாமி நம்பினார். எனக்குக் காரணம் தெரியும்.

அதனால்தான் இந்த வீட்டுத் திட்டம் எனக்குப் பெரிய விசயமாகப் போனது. கரையோரக் குடும்பங்களுக்கு ஒரு புதுத் திட்டம் வருகிறது. முந்தின திட்டங்களில் ஒரு காணிக்கு ஒரு வீடு என்று கணக்கு. எங்கள் வளவில் ஏற்கனவே கல்வீடு நிற்பதால் மாமா, மாமிக்கு எந்த நாளும் கிடைக்காது. காணியை எண்ணாமல் அடுப்பை எண்ண வேண்டும் என்று நான் ஒரு அறிக்கை எழுதினேன். ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். வேறு அடுப்பு என்றால் ஒரே வளவில் இருந்தாலும் வேறு குடும்பம். அதை எழுதும்போது பின்வளவுக் கொட்டில்தான் என் கண்ணுக்கு முன்னால் நின்றது. பஹ்மியா மிஸ் அதைப் பிடித்துக்கொண்டு மேலே கதைத்து, எங்கள் பகுதியில் அப்படியே எண்ணலாம் என்று உத்தரவும் வாங்கிவிட்டார். நிருஜாவுக்குப் பிறகு நான் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்து முடித்தேன் என்றால் அதுதான்.

சொந்தக்காரர் வீட்டில் எண்ண நான் போகக் கூடாது. ஆகவே மிஸ்ஸே எங்கள் ஒழுங்கைக்கு வந்தார். எத்தனை அடுப்பு எரிகிறது என்று மாமியிடம் கேட்டிருக்கிறார். மாமி நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன பதில் இது. "ஒண்டுதான் பிள்ளை. மருமகனுக்கும் பேத்திக்கும் நான்தான் சமைக்கிறன். மகள் போயிட்டாள் எண்டு அவர அடுப்படியில விடுவனா? அவர் எனக்கு மருமகன் இல்ல, மகன்."

அலுவலகத்துக்கு வந்த மிஸ் என் மேசைக்கு முன்னால் நின்றார். "ஒங்கட மாமி அதச் சொல்லக்குள்ள எனக்குக் கண் கலங்கிட்டு ரிஷி. ஆனா கண் கலங்கினாலும் ஒண்டு ஒண்டுதானே" என்றார். ஓர் அடுப்பு, ஒரு குடும்பம், ஏற்கனவே கல்வீடு உண்டு. என் கணக்காலேயே மாமியின் பெயர் பட்டியலிலிருந்து விழுந்துபோனது.

நான் அன்றைக்கே மாமியிடம் விளக்கினேன். மறுபடி பார்க்க ஆடியில் வருவார்கள், அப்போது மருமகன் தனியச் சமைக்கிறார் என்று சொல்லுங்கள் என்றேன். மாமி அகப்பையைக் கீழே வைத்துவிட்டார். "ஊர் என்ன கதைக்கும்? பெண்சாதியச் சாகக் குடுத்த மனுசன அடுப்பூத விட்டிட்டு இவள் தின்னுறாள் எண்டு கதைக்காதோ? வீடு வராட்டிப் போகட்டும். நாளைக்கு ஆயிரம் பேர் வந்து கேட்டாலும் ஒரு அடுப்பெண்டுதான் சொல்லுவன்." மாமா வலைக்குள் கையை விட்டபடி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு வலையைப் பார்த்தார்.

மாமி பொய் சொல்ல மாட்டார். மிஸ் பொய் எழுத மாட்டார். ஆகவே அடுப்பு மெய்யாகவே இரண்டாக வேண்டும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

நிருஜா காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து அவள் குசினி பூட்டித்தான் கிடக்கிறது. யதுஷாவுக்குப் பால்மா கரைப்பதும் பின்வளவில்தான். திறப்பு என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. பேனை எடுக்கும்போதெல்லாம் கையில் படும்.

எனக்குச் சமைக்கத் தெரியாது. தம்பலகாமத்தில் அம்மா, மொறட்டுவையில் கன்டீன், பிறகு நிருஜா. அவள் தேங்காய்ப்பால் விட்டு வைக்கிற பால்சொதி யதுஷாவுக்குப் பிடிக்கும். எப்படி வைப்பாள் என்று தெரிந்தால் எழுதி அனுப்புங்கள். வேறு ஒன்றும் எழுதத் தேவையில்லை.

கவனமாகப் படியுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
அத்தான் ரிஷிகேசன்

*

கோணேசர் துணை

திருக்கடலூர்,
திருகோணமலை.
ஆவணி பிறந்து முதல் ஞாயிறு

அன்புள்ள தர்மிகாவுக்கு,

வீடு கிடைத்துவிட்டது. முதல் வரியிலேயே எழுதிவிட்டேன், இனி ஆறுதலாக வாசிக்கலாம். வெள்ளிக்கிழமை பட்டியல் ஒட்டினார்கள். மாமி கண்ணாடி இல்லாமல் போய், அங்கே நின்ற ஒவ்வொருவரையும் பிடித்து வாசிக்கச் சொல்லி, ஐந்தாறு பேர் வாசித்த பிறகுதான் நம்பினார். நேற்றிலிருந்து முழங்கால் நோவைக் காணவில்லை.

நீங்கள் அனுப்பிய மூன்று வரிக்கு நான் பதில் போடவில்லை. மன்னிக்க வேண்டும். அதை அப்படியே எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். "முதல் பாலக் கடைசியா விடுங்கோ. விட்டாப் பிறகு கொதிக்க விடாதேங்கோ. உப்பு அக்கா கையாலதான் போடுறவ, கரண்டியால இல்ல." முதல் இரண்டும் எனக்கு விளங்கின. மூன்றாவது இன்னும் பிடிபடவில்லை.

குசினியைத் திறந்த அன்று நான் முதலில் செய்தது என்ன தெரியுமா? அளவு நாடாவை எடுத்து நீளம், அகலம், யன்னல் உயரம் எல்லாம் அளந்து கடதாசியில் வரைந்தேன். வரைந்து முடித்த பிறகுதான் உள்ளே கால் வைத்தேன் என்று சொல்லலாம். உப்புப் போத்தலில் உப்பு கரைந்து தண்ணீராக நின்றது. மிளகாய்த்தூள் கட்டிபட்டுக் கிடந்தது. மற்றதெல்லாம் அவள் வைத்த இடத்தில். காஸ் சிலிண்டரை ஆட்டிப் பார்த்தேன். பாதிக்கு மேல் இருந்தது.

அடுப்பு பற்றும், அணையும். பற்றும், அணையும். நான் படித்தவன் அல்லவா, ரெகுலேற்றரைக் கழற்றிப் பார்த்தேன், குழாயைப் பார்த்தேன், சோப்பு நுரை பூசிக் கசிவு பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. கதவுக்குப் பின்னால் ஒரு அலுமினியத் தகடு சாய்ந்து நின்றது. கூரை வேலையில் மிஞ்சிய துண்டு என்றுதான் அதை இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். ஒரு விளிம்பு மட்டும் கறுத்திருந்தது. யன்னல் நிலையின் இரண்டு பக்கமும் கீறல் இருந்தது. தகட்டைக் கொண்டுபோய் வைத்தேன். கீறலுக்குள் அப்படியே இறங்கி நின்றது. தெற்கு யன்னலால் வந்த சோளகம் நின்றுவிட்டது. அடுப்பு அசையாமல் எரிந்தது.

ஒவ்வொரு சோளகத்துக்கும் அவள் அதை எடுத்து வைத்து, காற்று மாறியதும் எடுத்துக் கதவுக்குப் பின்னால் சாய்த்திருக்கிறாள். என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லவேண்டிய அளவுக்கு அது அவளுக்கு ஒரு வேலையாகவே தெரிந்திருக்காது. நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. சோறு அடிப்பிடித்துவிட்டது. யதுஷா வந்து, "அப்பா, சோறு கறுப்பு. நீங்களும் அழுறீங்கள்" என்றாள். அப்போதுதான் எனக்கே தெரிந்தது. செத்த வீட்டில் அழாதவன், தர்மிகா. உங்களுக்குத் தெரியும்தானே. கல்லு மாதிரி நிற்கிறான் என்று எல்லோரும் கதைத்தார்கள். அன்று நல்லாக அழுதேன். பிறகு இரண்டு பேரும் பாணும் வாழைப்பழமும் சாப்பிட்டோம்.

மாமி அதற்குள் வேலியடிக்கு வந்துவிட்டார். "நான் செத்தா போனன்? இந்த மனுசன் குசினிக்குள்ள நிண்டு தவிக்குது, ஊர் பார்த்துச் சிரிக்குது" என்று ஊருக்குக் கேட்கிற மாதிரிக் கத்தினார். பிறகு ஒரு கோப்பையில் சோறும் கறியும் போட்டு மூடிக் கொண்டுவந்து வாசல்படியில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனார். வாங்காமல் விட்டால் மனம் நோகும். வாங்கித் தின்றால் அடுப்பு மறுபடி ஒன்று. என்ன செய்வது? கோப்பையைக் கழுவி, வெறுங்கோப்பையாகக் கொடுக்கக் கூடாதுதானே, நான் வைத்த கறியில் கொஞ்சம் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். ஒரு வீட்டார் இன்னொரு வீட்டாருக்குக் கொடுக்கிற மாதிரி. அடுத்த நாள் மாமி மறுபடி கொண்டுவந்தார். நானும் மறுபடி போட்டுக் கொடுத்தேன். ஒரு கிழமை இப்படிப் போனது. கடைசியில் மாமியே கையெடுத்துக் கும்பிட்டார். "தம்பி, இனி நான் கொண்டு வரேல்ல. நீங்கள் திருப்பித் தாறதத் தின்னவும் ஏலாமக் கிடக்கு, நாய்க்குப் போடவும் மனமில்லாமக் கிடக்கு."

மாமாதான் முதலில் மாறினார். ஒருநாள் கரையிலிருந்து வந்தவர், கறிக்கு வைத்த மீனைக் கல்லில் கொட்டி இரண்டு பங்காகப் பிரித்தார். ஒன்று கொட்டிலுக்கு. மற்றதை வாழையிலையில் சுற்றி என் குசினி யன்னலில் வைத்தார். சூடை மீன். பொரித்தேன், பாதி கருகிவிட்டது. மாமா கேட்காமலே வந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டு, "உப்புக் காணாது" என்றார். நிருஜா போன பிறகு அவர் என்னோடு பேசிய முதல் பேச்சு அதுதான். எனக்கு ஒரு பட்டம் கிடைத்த மாதிரி இருந்தது.

இனிமேல் எழுதப்போவதை நீங்கள் மாமியிடம் கேட்டாலும் சொல்ல மாட்டார். ஆகவே நான் சொல்கிறேன்.

ஆடி அமாவாசை கழிந்து கனகரத்தினம் பெரியப்பா வந்தார். நான் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். பெரியப்பா வாசலில் நின்று பெரிசாகச் சிரித்தார். "என்ன மருமகன், அடுத்ததா சீலையும் உடுக்கப் போறீரோ? கையில வெண்ணெய வைச்சுக்கொண்டு இந்த மனுசன் ஏன் இந்தப் பாடு படுகுது கோணேஸ்?" என்று மாமியைக் கேட்டார். நான் திருவலையிலிருந்து எழும்பவில்லை. மாமி கொட்டிலுக்குள்ளிருந்து வந்தார். கையில் ஈர்க்குமாறு. கூட்டிக்கொண்டிருந்ததால் இருந்தது, வேறு ஒன்றுக்கும் இல்லை என்று இப்போதும் சொல்கிறார்.

"அத்தார், அது என்ர மருமகன்ர அடுப்பு. அதப் பற்றிக் கதைக்கிறதெண்டால் அவற்ற சோத்தத் திண்டு போட்டுக் கதையுங்கோ. என்ர சின்னவளுக்கு வீடில்லையெண்டுதானே அண்டைக்குச் சபையில கதைச்சனீங்கள்? வீடு வரும். அவள் படிச்சு முடிச்சு, தனக்கு எது சரியெண்டு படுகுதோ அதச் செய்வாள். இனி இந்த வளவுக்குள்ள அந்தக் கதை வேண்டாம்."

பெரியப்பா சாப்பிடாமலே போய்விட்டார். என் சமையலுக்குப் பயந்துதான் போனார் என்று மாமா பிறகு சொன்னார். மாமா பகிடி விட்டார் என்றால் நம்புவீர்களா?

மறுபடி பார்வையிட மிஸ் வருவதற்கு முன்னால் அலுவலகத்தில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "ரிஷி, நெஞ்சில கை வச்சுச் சொல்லுங்க. நான் வந்துட்டுப் போன பொறகு சட்டியக் கவுத்து வச்சிட்டு மாமிட்ட போயிடுவீங்களா?" இல்லை மிஸ் என்றேன். "ஏன்?" என்றார். தொடங்கியது தர்மிகாவின் வீட்டுக்காகத்தான். இப்போது காலையில் எழும்பினால் என்ன கறி வைப்பது என்று யோசிக்கிறேன். முந்தி எழும்பினால் ஒன்றுமே யோசிக்க இருக்கவில்லை. இதைத்தான் சொன்னேன். மிஸ் தண்ணீர்ப் போத்தலை எடுத்துப் பாதி குடித்தார்.

மிஸ் வந்த அன்று நான் குசினிக்குள்ளேயே நின்றேன், வெளியில் வரக் கூடாது. தகட்டுக்கு மேலால் குரல் கேட்டது. எத்தனை அடுப்பு என்று மிஸ் கேட்டார். மாமி உடனே சொல்லவில்லை. பிறகு, "ரெண்டு பிள்ளை. அவர் தனியத்தான் சமைக்கிறார். நான் சொல்லித் தெரிய வேண்டாம், மணந்து பார்த்தாலே விளங்கும்" என்றார். மிஸ் குசினிக்குள் எட்டிப் பார்த்து, சட்டியைத் திறந்து, ஒரு விரலால் சொதியைத் தொட்டு நக்கிப் பார்த்தார். "அடுப்பு ரெண்டு எண்டு எழுதுறன். சமையல் எப்பிடியெண்டு எழுத இந்தத் தாளில எடமில்ல. அது ஒங்கட அதிர்ஷ்டம்" என்றார்.

பிறகு யதுஷாவைக் காட்டி, "இந்தப் பிள்ளைய எந்த அடுப்பில எழுதுற?" என்று கேட்டார்.

தர்மிகா, இதை நான் எதிர்பார்க்கவில்லை. இத்தனை மாதமும் குளிக்க வார்த்தது, தலை இழுத்தது, பக்கத்தில் படுக்கப் போட்டது எல்லாம் மாமிதான். நான் ஒரு மூலையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவன். மாமி பிள்ளையின் தலையைத் தடவினார். "தகப்பன்ர அடுப்பில எழுதுங்கோ பிள்ளை" என்றார். சொல்லிவிட்டுக் கொட்டிலுக்குள் போய்விட்டார். மிஸ் எழுதினார். குடும்பத் தலைவர் ரிஷிகேசன். மொத்தம் இரண்டு பேர்.

இரண்டு பேர் என்றாலும் குடும்பம்தான் என்று எங்கள் பாடப் புத்தகத்தில் எத்தனை முறை வாசித்திருப்பேன். அன்றைக்குத்தான் நம்பினேன். யதுஷா இப்போது என் பக்கத்தில்தான் படுக்கிறாள். பகலில் கொட்டிலுக்கும் குசினிக்கும் இடையில் ஓடி, இரண்டு அடுப்பிலும் தின்கிறாள். அதை மிஸ்ஸுக்கு எழுதிவிடாதீர்கள்.

என் ஆய்வறிக்கையும் முடிந்துவிட்டது. கடைசியில் ஒரு பரிந்துரை சேர்த்தேன். துக்க வீட்டில் அடுப்பு எரியாது, பக்கத்து வீட்டில் எரிவதைத்தான் அந்த வீட்டார் சாப்பிடுவார்கள், ஆகவே அப்படிப்பட்ட வீட்டை ஒருமுறை மட்டும் கேட்டு எண்ணிவிடக் கூடாது, கொஞ்சக் காலம் விட்டு மறுபடி போய்க் கேட்க வேண்டும் என்று. மிஸ் அதற்குக் கீழே கோடு போட்டு, எவ்வளவு காலம் விட வேண்டும், அதை எழுதுங்கள் என்றார். அந்த இடத்தை வெறுமையாகத்தான் விட்டிருக்கிறேன். அவரும் பார்த்துவிட்டு அப்படியே அனுப்பிவிட்டார்.

நிருஜா பாவித்த சிலிண்டர் போன கிழமை முடிந்தது. சொதிக்கு இரண்டாம் பால் விட்டுக்கொண்டிருக்கும்போது அணைந்தது. தகட்டைப் பார்த்தேன், சரியாகத்தான் நின்றது. காஸ்தான் முடிந்திருந்தது. மீதியை மாமியின் அடுப்பில் வைத்து இறக்கினேன். மாமி இடம் விட்டார். அடுத்த நாள் புதுச் சிலிண்டர் கொண்டுவந்து மாட்டினேன். அன்றைக்கும் சொதி வைத்தேன். அதை யாருக்காவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.

இனி உங்கள் வீட்டைப் பற்றி. பத்திரம் மாமியின் பெயரில் வருகிறது. மாமி அதை யாருக்கு எழுதப்போகிறார் என்று நான் சொல்லத் தேவையில்லை. கொட்டில் நிற்கிற இடத்துக்குக் கிழக்கே, முருங்கை நிற்கிற பக்கமாகக் கட்டப்போகிறோம். திட்டத்தில் தந்த வரைபடத்தில் சின்னச் சின்ன மாற்றம் செய்யலாம் என்றார்கள். குசினி தென்கிழக்கு மூலையில்தான் வர வேண்டும் என்று மாமி ஒற்றைக் காலில் நின்றார். சரி என்றேன். யன்னலை மட்டும் தெற்கில் வைக்காமல் கிழக்குச் சுவருக்கு மாற்றிவிட்டேன். சோளகம் உங்கள் அடுப்பை அணைக்காது. உங்களுக்குத் தகடு தேவைப்படாது. நிருஜாவின் தகட்டை நான் வைத்துக்கொள்கிறேன்.

அந்த வீட்டின் திறப்பு உங்களுடையது. அதற்குள் யார் வரலாம், எப்போது வரலாம் என்பதும் உங்களுடையது. படிப்பை முடியுங்கள். வேலை எடுங்கள். பிறகு யோசிக்கலாம். கதவைத் தட்ட ஆரும் வந்தால் என்னிடமும் ஒரு சொல் கேளுங்கள். ஆள் எப்படி என்று விசாரிக்க வீட்டுக்கு மூத்த ஆண்பிள்ளை நான் இருக்கிறேன்.

இந்த மாதக் கடைசியில் ஒரு நல்ல நாள் இருக்கிறது, அன்றைக்கு அத்திவாரக் கல் வைப்பது. உரிய பிள்ளையின் கையால்தான் முதல் கல் வைக்க வேண்டும் என்கிறார் மாமி. நீங்கள் வராவிட்டால் முருங்கைக்குக் கீழே வெட்டின வெறும் கிடங்குதான் கிடக்கும். மாமா உங்களுக்கு என்று ஒரு அறுக்குளா மீன் பிடித்துக்கொண்டு வருவேன் என்று கடலுக்குச் சவால் விட்டிருக்கிறார். யதுஷா கல்லில் தன் பெயரும் எழுத வேண்டுமாம்.

வந்தாறுமூலையில் விடியப் பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் வந்துவிடலாம். ஒழுங்கை முகப்பிலேயே இறங்குங்கள், நானும் யதுஷாவும் வந்து நிற்போம். ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். கேட்க ஒன்றும் மிச்சம் இல்லை. நீங்கள் தலை நிமிர்ந்து உங்கள் வளவுக்குள் வரலாம்.

வாருங்கள் தங்கச்சி. அன்றைக்குப் பகல் சாப்பாடு எங்கள் அடுப்பில். முதல் பாலைக் கடைசியில்தான் விடுவேன், கொதிக்க விடமாட்டேன். உப்பை மட்டும் நீங்கள் வந்து கையால் போடுங்கள்.

நீங்கள் நெடுங்காலம் நல்லாக இருக்க வேண்டும் என்று வேண்டும்,
உங்கள் அண்ணா
ரிஷிகேசன்